நாற்பது நிமிடத்தில் கொடுத்த ராஜினாமா

2023 பிப்ரவரி 28, செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணிக்கு ஒரு மீட்டிங் என்று அன்று காலையில்தான் அழைப்பு வந்தது. தலைப்பில் ‘கனெக்ட்’ என்று மட்டும் இருந்தது. அறைக்குள் போனதும் முதலில் என் கண்ணில் பட்டது மேசை நடுவில் இருந்த டிஷ்யூ பெட்டி. எங்கள் மாடியில் எந்த மீட்டிங் ரூமிலும் டிஷ்யூ பெட்டி வைத்து நான் பார்த்ததில்லை. உட்காருவதற்கு முன்பே விஷயம் புரிந்துவிட்டது.

எனக்கு அப்போது 42 வயது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் 18 வருடம். அதில் கடைசிப் பத்தே முக்கால் வருடம் சோழிங்கநல்லூரில் அந்த ஒரே கம்பெனி. முப்பது பேர் டீமுக்கு டெஸ்ட் மேனேஜராக இருந்தேன். எங்கள் அமெரிக்க கிளையன்ட் செலவைக் குறைக்கிறோம் என்று ஜனவரியில் ப்ராஜெக்டை மூடிவிட்டார்கள். டீமில் இருந்த சின்னவர்கள் எல்லாம் வேறு ப்ராஜெக்டுகளில் ஒட்டிக்கொண்டார்கள், நான் பெஞ்சுக்கு, அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் சம்பளம் மட்டும் வாங்கும் நிலைக்கு, வந்தேன். இடையில் கம்பெனிக்கு உள்ளேயே இரண்டு ப்ராஜெக்டுக்கு இன்டர்வியூ நடந்தது. இரண்டிலும் ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட், அதாவது சாஃப்ட்வேரைத் தானாகவே சோதிக்கும் கோட், எழுதுவீர்களா என்று கேட்டார்கள். டீமை வைத்து எழுதி வாங்கியிருக்கிறேன் என்றேன். அந்தப் பதில் போதாது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வருடத்துக்கு 31 லட்சம் சி.டி.சி. (கம்பெனி நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு) வாங்குகிற ஒருத்தி ஆறு வாரம் பெஞ்சில் உட்கார்ந்தால் கம்பெனி கணக்குப் போடும் என்பதும் தெரியாதது இல்லை. ஆனாலும் நமக்கு நடக்காது என்று ஒரு நினைப்பு.

எச்.ஆரில் இருந்து ஒரு பெண் நேரில் வந்திருந்தாள், பெங்களூரிலிருந்து இன்னொருவர் திரையில். இருவருமே மரியாதையாகத்தான் பேசினார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். “நீங்களே பேப்பர் போட்டுட்டா ரெண்டு மாசச் சம்பளம், ரிலீவிங் லெட்டர் எல்லாம் நல்லபடியா முடிச்சுக்கலாம் மேம். இல்லன்னா டெர்மினேஷன்னு பதிவாகும். அடுத்த கம்பெனி பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன்ல அது தெரியும்.” இதையே மூன்று விதமாகச் சொன்னார்கள். இன்றைக்கே போட்டால்தான் இந்த இரண்டு மாதச் சம்பளம் என்றார்கள். என் லேப்டாப்பிலேயே, அந்த மேசையிலேயே, ராஜினாமா பக்கத்தைத் திறந்தேன். காரணம் என்ன என்று ஒரு பட்டியல் விரிந்தது. மேற்படிப்பு, திருமணம், இடமாற்றம், நல்ல வாய்ப்பு, உடல்நலம், சொந்தக் காரணம். ‘போகச் சொன்னார்கள்’ என்று ஒன்று அதில் இல்லை. சொந்தக் காரணம் என்பதை அழுத்தினேன். வெளியே வந்து மணி பார்த்தபோது மூன்று நாற்பது. டிஷ்யூ ஒன்றுகூட எடுக்கவில்லை என்பதில் ஒரு அசட்டுப் பெருமை வேறு.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். இதற்குப் பிறகு ஏழரை மாதம் நான் பட்டதில் பாதி அங்கே ஆரம்பித்தது. அறைக்குள் இருக்கும்போது எதையும் போடாதீர்கள். “படிச்சுப் பாத்துட்டு வீட்டுல பேசிட்டு ரெண்டு நாள்ல சொல்றேன், நீங்க இப்ப சொன்னதை மெயில்ல அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தால் யாரும் கதவைப் பூட்டப் போவதில்லை. இன்றே கடைசி என்பது ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரிதான், நாளைக்கும் இருக்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதே வாரம் அதே அறைக்குப் போன என் பக்கத்து டீம்காரர் நான்கு நாள் அவகாசம் கேட்டார். இரண்டு முறை மெயில் எழுதினார். கடைசியில் நான்கு மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு போனார். அவரை விட எனக்கு அங்கே சர்வீஸ் அதிகம். கையில் வரும் சம்பளம் எனக்கு அப்போது ஏறக்குறைய 1,70,000 ரூபாய். இரண்டு மாத வித்தியாசம் என்றால் 3,40,000. நாற்பது நிமிடத்துக்கு அது கொஞ்சம் அதிகமான விலை.

ஏப்ரலில், எல்லாம் முடிந்த பிறகு, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே அலுவலகம் வைத்திருக்கும் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் இரண்டாயிரம் ரூபாய் ஃபீஸ் கொடுத்துப் பேசினேன். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1947ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். ஆனால் அது ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டும். விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டிருப்பதை வைத்து அதை முடிவு செய்துவிட முடியாது. உண்மையில் என்ன வேலை செய்தோம் என்றுதான் பார்ப்பார்கள். அதனால் என்னைப் போன்றவர்களுக்கு வழக்கு எந்தப் பக்கமும் போகலாம். ஐ.டி. கம்பெனிகளுக்குத் தொழிலாளர் சட்டமே கிடையாது என்று நாம் கேண்டீனில் பேசிக்கொள்வது மட்டும் சுத்தப் பொய். “எல்லாம் சரிம்மா, நீங்க ராஜினாமா கொடுத்திருக்கீங்களே, சொந்தக் காரணம்னு வேற இருக்கே” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. வற்புறுத்தினார்கள் என்பதற்கு ஒரு மெயில், ஒரு மெசேஜ்கூட என்னிடம் இல்லை. இருந்திருந்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறையில் ஒரு மனுவாவது கொடுத்திருக்கலாம் என்றார். (2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. இன்றைக்கு அந்த அறையில் உட்காருகிறவர்கள் என் காலத்துக் கணக்கை நம்பாமல் புது விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

கிராஜுவிட்டியில், அதாவது பணிக்கொடையில், மட்டும் நான் ஏமாறவில்லை, அதுவும் என் கணவரால். அவர் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர், எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடமாட்டார். அப்போதைய கணக்கு சுலபம்தான். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை. என் அடிப்படைச் சம்பளம் 78,000, ஆக வருடத்துக்கு 45,000. கம்பெனி பத்து வருடம் என்று போட்டு 4,50,000 அனுப்பியிருந்தது. நான் சேர்ந்தது 2012 மே, கடைசி நாள் 2023 மார்ச் 31. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே ஒரு மெயில் போட்டேன், பதில்கூட எழுதாமல் மீதி 45,000 கணக்கில் வந்து விழுந்தது. கேட்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ.

கடைசி நாளுக்கு முன்பு லேப்டாப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை நம்முடைய சொந்தக் காகிதங்கள் மட்டும்தான், ஆனால் அவற்றை ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். எல்லா மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று), பதவி உயர்வுக் கடிதங்கள், அப்ரைசல் ரேட்டிங். நான் மூன்று மாதச் சம்பளச் சீட்டு போதும் என்று நினைத்து விட்டுவிட்டேன். புதுக் கம்பெனி இரண்டு வருடத்துக்குக் கேட்டது, பழைய எச்.ஆரிடம் கெஞ்சி வாங்க ஐந்து வாரம் ஆனது. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) விஷயத்தில் நான் செய்த தப்பு பதினோரு வருடத்துக்கு முந்தையது. முதல் கம்பெனியின் பி.எஃப். கணக்கை மாற்றவே இல்லை, அதில் என் தகப்பனார் பெயருக்கு ஒரு எழுத்துப் பிழை வேறு. வேலையில் இருக்கும்போது இதைச் சரிசெய்ய ஒரு மதியம் போதும், வேலை போன பிறகு அதற்காக நான்கு முறை ராயப்பேட்டை பி.எஃப். அலுவலகத்துக்கு அலைந்தேன். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பி.எஃப். போர்ட்டலில் ஏற்றியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் பணத்தை முழுதாக எடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. அவர்கள் போடாவிட்டால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் ஆனதும் நாமே போட்டுக்கொள்ளலாம்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். கணவரிடம் அன்று இரவே சொன்னேன். மற்றவர்களிடம் ‘கொஞ்ச நாள் பிரேக் எடுத்திருக்கேன்’ என்று ஒரு பொய். ஒரு ஆணுக்கு வேலை போனால் வீடே இழவு விழுந்த மாதிரி ஆகிவிடும். என் விஷயத்தில் நடந்தது வேறு. என் மாமியார் முகத்தில் உண்மையான சந்தோஷம். “நல்லதாப் போச்சும்மா. பெரியவ பத்தாவது வர்றா, கூட இருந்து பாத்துக்கோ. பணம் என்ன பணம்.” அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு மாதத் தவணை 47,500, கணவர் சம்பளம் 41,000. ஒரு வாரத்துக்குள் சமையல்காரம்மா நின்றுபோனார், சிலிண்டர்காரரும் பிளம்பரும் என் நேரத்துக்குத்தான் வந்தார்கள், சின்னவளின் ஸ்கூல் வேன் நிறுத்தப்பட்டது. யாரும் முடிவெடுத்துச் செய்யவில்லை, தானாக என் மேல் வந்து படிந்தது. காலை பதினொரு மணிக்குக் கையில் துடைப்பத்தோடு நிற்கும்போது ரெக்ரூட்டர் போன் வரும், குக்கர் விசில் கேட்கும், நான் குரலை மாற்றிக்கொண்டு பேசுவேன். ஏப்ரல், மே இரண்டு மாதம் இப்படியே போனது. அந்த இரண்டு மாதத்தில் நான் படித்தது என்று சொல்ல எதுவுமே இல்லை.

மே மாதம்தான் பெரிய அடி. அப்பாவுக்கு 71 வயது. வெயிலில் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட், ஐந்து நாள் ஆஸ்பத்திரி. பில் 2,65,000 ரூபாய். பத்து வருடமாகக் கம்பெனி இன்சூரன்ஸில் அப்பா, அம்மா பெயரைப் போட்டு, கூடுதல் பிரீமியமும் கட்டிக்கொண்டிருந்தேன். மார்ச் 31ஆம் தேதி என் அடையாள அட்டையோடு அதுவும் போய்விட்டது. இதில் எனக்கு ஆறாத விஷயம், அதற்கு வழி இருந்தது என்பதுதான். குரூப் பாலிசியிலிருந்து விலகும் முன்பே அதே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதி, அவர்களுடைய தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம். ஏற்றுக்கொண்டால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் நாம் கழித்த வருடங்களையும் கணக்கில் எடுப்பார்கள். வயதானவர்களுக்கு உடனே ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன், பிரீமியமும் அதிகம்தான். ஆனால் நான் கேட்கவே இல்லையே. ராஜினாமாவுக்குப் பிறகு எனக்கு ஒரு மாதம் முழுதாக இருந்தது, அந்த மாதத்தில் ஃபேர்வெல் கேக் வெட்டினேன், எல்லாருக்கும் நீளமாக ஒரு குட்பை மெயில் எழுதினேன். வேலையில் இருக்கும்போதே கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு பாலிசி தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு விஷயம். அதைப் பத்து வருடமாக அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

கிராஜுவிட்டியில் பாதி அங்கே போயிற்று. வீட்டுக் கடன் வேறு. 2022 மே மாதத் தொடக்கத்தில் நான்கு சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குப் போடும் வட்டி, வீட்டுக் கடன் வட்டியும் அதோடு ஏறும்) 2023 பிப்ரவரிக்குள் ஆறரை ஆகிவிட்டிருந்தது. தவணை அதேதானே என்று நான் கவனிக்கவில்லை. வங்கி வருடங்களை நீட்டிவிட்டிருந்தது. ஜூலையில் பத்துப் பவுன் நகையைக் கொண்டுபோய் வங்கியிலேயே அடகு வைத்து மூன்று லட்சம் வாங்கினேன். அது என் கல்யாணத்துக்கு அப்பா சீட்டுக் கட்டி வாங்கிய ஆரமும் வளையலும். தராசில் வைக்கும்போது அந்த அப்ரைசர் வளையலில் இருந்த அரக்குக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் வராத அழுகை அங்கே வந்தது. நகைக்கடன் வாங்கியது தப்பில்லை. கிரெடிட் கார்டிலோ ஆப்பிலோ கடன் வாங்கியிருந்தால் இன்று இதை எழுத நேரம் இருந்திருக்காது. ஏப்ரலிலேயே வங்கிக்குப் போய் நிலைமையைச் சொல்லித் தவணை பற்றிப் பேசியிருக்கலாம், வெட்கப்பட்டுப் போகவில்லை.

இந்தப் பதற்றத்தில்தான் ‘வேலைக்கு உத்தரவாதம்’ போட்ட ஆட்டோமேஷன் கோர்ஸ் ஒன்றில் விழுந்தேன். 72,000 ரூபாய், பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி.யோடு 84,960. வட்டியில்லாத தவணை என்றார்கள், ஓ.டி.பி. கேட்டார்கள், சொன்னேன். பத்து நாள் கழித்துத்தான் அது கோர்ஸ் கட்டணத் தவணை இல்லை, ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுத்த கடன் என்று தெரிந்தது. வகுப்பு பிடிக்கவில்லை என்று நிறுத்தினாலும் கடன் நிற்காது, கட்டாவிட்டால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் அடிவாங்கும். வகுப்பு என்பது பதிவு செய்த வீடியோ. ‘உத்தரவாதம்’ என்பது என் ரெஸ்யூமை நாலு பேருக்கு மெயில் அனுப்புவது. 18 வருடம் மற்றவர்கள் சாஃப்ட்வேரில் ஓட்டை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள் நான், ஒரு ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஓ.டி.பி. சொல்லியிருக்கிறேன். அதே சமயத்தில் ஒன்றரை லட்சம் கொடுத்தால் பெரிய கம்பெனியில் பின்வாசலாக ஆஃபர் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். அவரிடம் விழாமல் தப்பியது புத்தியால் இல்லை, கையில் பணம் இல்லாததால்.

ஜூன் இரண்டாவது வாரத்திலிருந்து கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். கணவர்தான் சொன்னார், “வீட்ல இருந்தா இவங்க உன்ன விடமாட்டாங்க, காலைல டப்பா கட்டிட்டுக் கெளம்பு.” கம்பெனி கேபில் போய்ப் பழகியவள், பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் கிழித்துக் கொடுத்த பூஜ்ய ரூபாய் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வந்து படிப்பவர்களுக்கு ஒரு பகுதி உண்டு. சுற்றிலும் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பிள்ளைகள், நடுவில் ஒரு 42 வயது அம்மா. அங்கேதான் பத்து வாரம் உட்கார்ந்து கோட் எழுதப் பழகினேன். பணம் கட்டிய வீடியோவிலிருந்து இல்லை, பிளேரைட் என்ற இலவச டூலின் சொந்த விளக்கப் பக்கங்களிலிருந்து. ரயில் டிக்கெட் எடுக்கும் தளம் மாதிரி ஒன்றைச் சின்னதாக நானே செய்து, அதற்கு நானே டெஸ்ட் எழுதி, கோட் எழுதியதை எல்லாரும் பார்க்கப் போடும் கிட்ஹப் தளத்தில் போட்டேன்.

இன்டர்வியூக்களில் ஒன்று மறக்காது. எதிரே இருந்தவருக்கு 28 வயது இருக்கும். “கடைசியா எப்ப நீங்களே ஒரு டெஸ்ட் ஸ்கிரிப்ட் எழுதினீங்க?” என்று கேட்டார். 2014 என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் குறித்துக்கொண்டார். அன்று வீடு திரும்பும் வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். இரவு ரெஸ்யூமைத் திறந்தபோதுதான் தெரிந்தது, இரண்டு பக்கத்தில் ‘நிர்வகித்தேன், ஒருங்கிணைத்தேன், மேற்பார்வையிட்டேன்’ தவிர வேறு வினைச்சொல்லே இல்லை. முப்பது பேரை நிர்வகித்தேன் என்ற வரியைக் கீழே தள்ளி, நானே செய்தவற்றை மேலே கொண்டுவந்தேன். அதன் பிறகுதான் போன் வர ஆரம்பித்தது. நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் கண்மூடித்தனமாக 212 இடத்துக்கு அனுப்பியதை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதில் இன்டர்வியூ வரை வந்தவை நான்கு.

வேலை வந்தது அந்த 212இல் இல்லை. ஆகஸ்டில் ஒரு நாள் நூலகக் கேண்டீனில் என் பழைய டீம் பெண் ஒருத்தியைப் பார்த்தேன், தம்பிக்குப் புத்தகம் எடுக்க வந்திருந்தாள். பொய் சொல்லக் களைப்பாக இருந்தது, நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் காபியைக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, மார்ச்ல ஒரு மெசேஜ் போட்டிருக்கக் கூடாதா? எங்க டீம்ல அப்ப ரெண்டு எடம் இருந்துச்சு” என்றாள். ஆறு மாதம் நான் யாருக்கும் தெரியக்கூடாது என்று காத்த ரகசியத்தின் விலை அது. நான் எழுதிய குட்பை மெயிலில் ‘புதிய பயணம்’ என்று போட்டிருந்ததால் எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். அவள் ரெஃபர் செய்ததில் இரண்டு ரவுண்டு முடிந்து, ஒரு வெளிநாட்டு வங்கியின் சென்னை மையத்தில் நவம்பர் 15ஆம் தேதி சேர்ந்தேன். சி.டி.சி. 24 லட்சம். கீழே டீம் கிடையாது. என் லீட் என்னை விட ஒன்பது வயது சின்னவன், முதல் மாதம் நான் எழுதிய கோட் சரியில்லை என்று அவன் திருப்பி அனுப்பும்போதெல்லாம் காது சூடாகும். இப்போது ஆவதில்லை. சில நாள் அவன் எழுதியதை நான் திருப்பி அனுப்புகிறேன்.

நகை 2024 ஏப்ரலில் திரும்பி வந்தது, வட்டி மட்டும் இருபதாயிரம் சொச்சம். சமையல்காரம்மாவும் திரும்பி வந்தார், சம்பளம் ஆயிரம் ரூபாய் ஏற்றிக் கேட்டார், கொடுத்தேன்.

போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பழைய சகா கூப்பிட்டார். மறுநாள் மூன்று மணிக்கு மீட்டிங்காம், தலைப்பில் ‘கேட்ச்-அப்’ என்று இருக்கிறதாம். அரை மணி நேரம் பேசினோம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத வேண்டிய மெயிலை அப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் மாலை மறுபடி அவரே கூப்பிட்டார். “மூணு நாள் கேட்டேங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் கொடுத்திருக்காங்க” என்றார். சேர்ந்த தேதி என்ன என்று கேட்டேன். 2015 ஆகஸ்ட் என்றார். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, கால்குலேட்டரைத் திறந்தேன்.